பத்தியச் சோறும் குரல் போன குழந்தையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் சென்ற மாதம் பேறுகாலப் பத்தியம் குறித்து ஒரு குறிப்பு வந்திருந்தது. பிள்ளை பெற்றவள் நாற்பத்தைந்து நாளும் பருப்பைத் தொடக்கூடாது, பயறும் கடலையும் வாயு, கீரை குளிர்ச்சி, முட்டை மாந்தம். வெள்ளைச் சோறும் பூண்டும் மிளகும் சுட்ட கருவாட்டுத் துண்டும் போதும் என்று அதில் கண்டிருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். என் மாமியாரும் நல்லெண்ணத்தோடுதான் அதே சோற்றை எனக்குப் போட்டார். அந்தச் சோற்றைத் தின்று நான் பால் கொடுத்த பிள்ளை மூன்று மாதம் முடிவதற்குள் போய்விட்டது. அதனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பர்மாவில் பெகு நகரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கணவர் இருந்தபோது இருவரும், அவர் போன பிறகு நான் தனியாகவும், ஆக இருபத்தாறு ஆண்டுகள். பெரிய கடை அன்று. முன்பக்கம் பலகை, பின்பக்கம் வீடு. அரிசியைப் பால் டின்னால் அளந்து கொடுப்பேன். எட்டு டின் ஒரு பர்மியப் படி. பருப்பும் வெங்காயமும் வீசைக் கணக்கு; ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். வருகிறவர்களில் தமிழரும் உண்டு, பர்மியரும் மோன், கரென் மக்களும் உண்டு. ஒரு வீட்டுக்குள் பசி நுழைந்தால் அந்த வீட்டாருக்கு அடுத்தபடியாக அது தெரிவது மளிகைக் கடைக்காரிக்குத்தான். பற்று நோட்டைப் புரட்டினால் போதும்.

முட்டைதான் முதலில் நிற்கும். பிறகு எண்ணெய் பாட்டிலிலிருந்து சிறு பைக்கு இறங்கும். அரை வீசை பருப்பு வாங்கியவள் கால் வீசை கேட்பாள், அடுத்த மாதம் அரைக்கால் வீசை, அதற்கடுத்த மாதம் பருப்பு என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இருக்காது. நிலக்கடலையும் எள்ளும் அதற்கு முன்பே போயிருக்கும். அரிசி மட்டும் குறையாது. சில வீடுகளில் அரிசி கூடுகிறது. கறி இல்லாத வயிறு சோற்றால்தானே நிரம்ப வேண்டும்? அரிசி, உப்பு, மிளகாய், நாப்பி என்ற மீன் விழுது என்று நான்கே பொருள்கள் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் அந்த வீட்டு நிலைமை எனக்குப் புரிந்துவிடும். கொரோனாவுக்கு முன் விற்ற விலையைப் போல அரிசி விலை மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. கூலி மூன்று மடங்கு ஆன வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை.

இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். சோறு எல்லோருக்கும் உண்டு. குழம்பில் கிடக்கும் பருப்பு எல்லோருக்கும் இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு முதல் கரண்டி, மாமனாருக்கு அடுத்தது, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதற்கடுத்தது. சட்டியை வழித்துத் தண்ணீர் ஊற்றி அலசி அதைச் சோற்றில் விட்டுக்கொள்கிறவள் மருமகள். அவள் கைக்குழந்தைக்காரியாக இருந்தால், பத்தியம் என்ற பெயரில் அந்த அலசிய தண்ணீரும் இல்லை. பஞ்சமும் பத்தியமும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பருப்பு வாங்கக் காசில்லை என்று சொல்ல வேண்டிய அவமானம் வீட்டுக்கு இல்லை; பருப்பு ஆகாது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாற்றிக்கொடுக்கவும் இல்லை. என் பிரசவத்துக்கென்று என் கணவர் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தது முழுக்க 75 கியாட் நோட்டு. அவர் அப்போது நெல் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் ஏழு மாதம். ஐப்பசிக் கடைசியில் பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல நிறம், பார்த்தவர்களெல்லாம் திருஷ்டிப் பொட்டு பெரிதாக வை என்றார்கள். மாமியார் பத்தியம் போட்டார். மூன்று வேளையும் வடித்த சோறு, பூண்டு, மிளகு, உப்பு, கிடைத்தால் கருவாடு. செரிப்பதற்கு வெற்றிலை பாக்கு. அவித்த கஞ்சியைச் சொட்டுவிடாமல் வடித்துப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் ஊற்றினோம். நாற்பத்தைந்து நாள் முடிந்த பிறகும் பருப்பு வாங்க வழியில்லாததால் பத்தியம் முடியவே இல்லை.

மார்கழியில் எனக்குக் கால் விரல்கள் மரத்துப்போயின. அம்மி அருகே உட்கார்ந்து எழுந்தால் பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம். இரண்டு நாளாகப் பையன் பாலைக் கக்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் வாய் வைத்துச் சப்பவில்லை. அவன் அழுகை எனக்கு நன்றாகத் தெரியும், சுருக்கென்று கத்தி போல இருக்கும். அன்று மாலை அது கரகரத்தது, சளி கட்டியவன் போல. இரவு அவன் வாயைத் திறந்து, முகம் சிவந்து, நெற்றி சுருங்கி அழுதான், சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. கொழுகொழுவென்ற கைகள் அப்படியே இருந்தன. மெலியவே இல்லை. அதனால்தான் யாருக்கும் பயம் வரவில்லை. சீர் தட்டியிருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். உதடு நீலம் பாய்ந்தபோது என் கணவர் ஊராரை எழுப்பப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

முப்பத்தேழு ஆண்டுகள் அதைக் காத்துக் கருப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து நன்றாக இருக்கிறார்கள். இருந்தாலும் பூசம் வந்தால் அந்த வாரம் முழுவதும் கடையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன்.

கடந்த புரட்டாசியில் எங்கள் பின்வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்கு எழுபது நாள் ஆகியிருந்தது. கணவன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனவன். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. அந்த வீட்டின் கணக்கில் நான் மேலே சொன்ன நான்கு பொருள்கள்தான், கூடவே பூண்டு. ஒருநாள் இரவு பத்து மணி இருக்கும், மின்சாரம் இல்லை, தெருவே அடங்கிக் கிடந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. கரகரத்த அழுகை. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவனை எழுப்பி, தாயையும் பிள்ளையையும் ஏற்றி, நான்கு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். கரென் பெண்மணி, என்னைவிட மூத்தவர். டார்ச் வெளிச்சத்தில் குழந்தையின் மூச்சைப் பார்த்தார், ஈரலை அமுக்கிப் பார்த்தார், அது அழுவதற்காகக் காத்திருந்து காதை வாயருகே வைத்துக் கேட்டார். அப்புறம் குழந்தையை விட்டுத் தாய் பக்கம் திரும்பி, "நீ என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல அவர் ஊசி மருந்தை உடைத்துக்கொண்டிருந்தார். வைட்டமின் பி1 ஊசி. தாய்க்கும் ஒன்று போட்டார். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி எங்களை அங்கேயே உட்காரவைத்தார். மூன்று மணி நேரத்தில் மூச்சு இறங்கியது. விடியலில் குழந்தை மார்பைத் தேடியது. குரல் மட்டும் திரும்பப் பல நாள் ஆயிற்று.

வாசலில் வைத்து அவரிடம் என் பையனைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதே நோயாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். நான் அழுதேன். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை, என் பாலில் ஒரு சத்து இல்லை. அது இல்லாததற்குக் காரணம் என் தட்டில் இல்லாதது.

அந்த நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். பி1 என்ற தயமின் சத்து உடம்பில் தீர்ந்துபோவதால் வருவது. நம் உடம்பு அதை இரண்டு மூன்று வாரத்துக்குமேல் சேர்த்து வைத்துக்கொள்ளாது. பத்தியமோ நாற்பத்தைந்து நாள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதிலும் வெறும் சோற்றை அதிகம் உண்ண உண்ண, அதைச் செரித்துச் சக்தியாக்க உடம்புக்கு இன்னும் அதிக பி1 வேண்டும். சோற்றால் வயிற்றை நிரப்புகிறவளுக்குத் தேவை கூடுகிறது, வரவோ இல்லை. தாய் எப்படியோ நடமாடிக்கொண்டிருப்பாள். பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் இதயம் தாங்காது. இரண்டாம் மாதம் மூன்றாம் மாதத்தில் திடீரென்று வரும், சில மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். நான்கைந்து மாதக் குழந்தைகளுக்குக் குரல் போவது முக்கிய அறிகுறி. நம் நாட்டில் கைக்குழந்தைகள் இறப்பதற்கான முன்னணிக் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கிறது. தாய்லாந்து எல்லை முகாம்களிலும் கரென் குழந்தைகள் பலர் இதனால் இறந்திருக்கிறார்கள். அங்கே மருத்துவர்கள் நோயை அடையாளம் கண்டு தாய்மாருக்கு பி1 கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சாவு குறைந்தது.

இந்த நாட்டில் குழந்தைகள் நிலை பற்றிய பெரிய எண்களையும் என் மருமகன் எடுத்துக் காட்டினார். 2015-16இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட நூறு குழந்தைகளில் 29 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அது ஓரளவு நல்ல காலத்தில் எடுத்த கணக்கு. 2025இல் கடும் உணவுத் தட்டுப்பாட்டில் இருப்பவர்கள் 1 கோடியே 52 லட்சம் பேர் என்று ஐ.நா. உணவுத் திட்டம் மதிப்பிட்டது. உயரத்தையும் எடையையும் அளக்க வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் என் பையனை அன்று தராசில் வைத்திருந்தால் ஒரு குறையும் தெரிந்திருக்காது. குழந்தையை அளக்கிறவர்கள் தாயின் தட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அந்த நர்ஸ் கேட்ட ஒரு கேள்விதான் அன்றிரவு நோயைக் கண்டுபிடித்தது.

இனி நம்மவர்களைப் பற்றியே ஒரு விஷயம். இதைப் படித்தபோது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரியால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக விழ, தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. ஏன் என்று பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஆராய்ந்தார். இரு கூட்டத்தாரும் அரிசிதான் உண்டார்கள். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கல். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களைக் கிட்டத்தட்ட அது தொடவே இல்லை. அந்தச் சத்துக்கு அப்போது பெயர்கூட வைக்கப்படவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 நீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நம் பாட்டிகள் சத்துக் கணக்குப் பார்த்து நெல் அவிக்கவில்லைதான். ஆனால் அவித்தார்கள், நாம் பிழைத்தோம்.

என் கணவரின் பாட்டனார் ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கரை ஆலை ஒன்றில் நெல் அவிக்கும் தொட்டியில் வேலை பார்த்தவர். அங்கே அவித்த அரிசி மூட்டை மூட்டையாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறியது. அந்த ஆவியிலேயே அவர் முழங்கை வரை தோல் உரிந்து வெளுத்திருந்ததாக என் மாமனார் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைதான் பெரிபெரியால் போனான். எங்கள் வீட்டில் புழுங்கல் எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. வாடை அடிக்கிறது, சோறு பழுப்பாக இருக்கிறது, விருந்தாளிக்குப் போட வெட்கமாக இருக்கிறது என்று ஒவ்வொரு வீடாக நிறுத்திவிட்டோம். இன்றைக்கு என் கடையில் புழுங்கல் அரிசியைக் கேட்பவர்கள் இட்லிக்கு மாவு ஆட்டுகிறவர்கள் மட்டுமே. மாதம் ஒரு மூட்டை நகர்வது அபூர்வம்.

பருப்புக்கும் இதே கதிதான். உளுந்தும் பாசிப்பயறும் துவரையும் விளையாத நாடா இது? எங்கள் பெகு வட்டாரத்தில் நெல் அறுத்த கையோடு உளுந்து விதைக்கிறார்கள். மாசியில் பஸ்ஸில் போனால் இரு பக்கமும் காய் முற்றிக் கறுத்துக் கிடக்கும். 2021இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் இங்கிருந்து வாங்குவதாக இந்தியா ஐந்து ஆண்டுகளுக்கு உறுதி கொடுத்தது. விவசாயிக்கு விலை கிடைக்கட்டும், நான் அதில் வாய் வைக்கவில்லை. ஆனால் சென்னையில் விலை ஏறினால் இங்கே என் கடையில் ஏறுகிறது. சென்னையில் இட்லிக்கு ஊறும் உளுந்தில் எங்கள் வட்டாரத்து உளுந்தும் இருக்கும். அதை விளைத்த மண்ணில் பிள்ளை பெற்றவள் வெறும் சோறு உண்கிறாள். களத்துமேட்டில் கூலிக்கு உளுந்து அடித்த பெண் சாயங்காலம் என்னிடம் வந்து உப்பும் நாப்பியும் வாங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்; அவள் முந்தானையில் உளுந்துத் தூசி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்தக் குறிப்பைத் திருத்தி அதே பக்கத்தில் வெளியிடுங்கள் என்று கேட்கிறேன். பத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூண்டு இருக்கட்டும், மிளகு இருக்கட்டும், பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வும் வெந்நீரும் அவசியம்; அந்த நாற்பத்தைந்து நாளில் மருமகளை வேலை செய்யவிடாமல் படுக்கவைத்தது நம் பெரியவர்களின் பெரிய மனசு. பருப்பை விலக்கியதுதான் பிசகு. பாசிப்பயறு கடைந்து ஒரு கிண்ணம் கொடுங்கள். வறுத்த கடலை ஒரு பிடி, எள்ளுருண்டை ஒன்று, எதுவும் பெரிய காசில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் காப்பரிசி கிளறித் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கிறோமே, அதில் எள் இருக்கிறது, பொட்டுக்கடலை இருக்கிறது, வெல்லம் இருக்கிறது. தாயின் வாயில்தான் ஒரு பிடிகூடப் போவதில்லை.

அரிசியை நான்கு தண்ணீர் விட்டு வெள்ளையாகும்வரை தேய்க்காதீர்கள். பி1 தண்ணீரில் கரைந்து ஓடும் சத்து. முடிந்தால் பொங்கி இறக்குங்கள்; வடித்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுத் தாய்க்குக் கொடுத்துவிடுங்கள், மாட்டுக்குத் தண்ணீர் போதும். வெற்றிலை பாக்கையும், இங்கே ஊறவைத்துத் தின்னும் தேயிலையையும் அந்த மூன்று மாதமாவது தள்ளி வையுங்கள். அவற்றின் துவர்ப்பு இருக்கிற பி1ஐயும் கெடுக்கிறது. பச்சை நாப்பியும் அப்படியே. நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்தக் கெடுதல் போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும் பேற்றுக்குப் பின் மூன்று மாதமும் தாய்மாருக்கு பி1 மாத்திரை கொடுப்பது இந்த நாட்டின் சுகாதாரத் திட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவச்சியிடம் கேட்டு வாங்குங்கள். கொடுத்தால் அலமாரியில் வைக்காமல் விழுங்குங்கள். சூடு என்று சொல்லி மாத்திரையை மறைத்துவைத்த மாமியார்களை எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போடுங்கள். நான்கு வாரம் தாண்டிய கைக்குழந்தை பால் குடிக்க மறுத்து, கக்கி, மூச்சு வாங்கி, அழும்போது குரல் கரகரத்தாலோ சத்தமே வராமல் போனாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குழந்தை குண்டாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. தாய் வெறும் சோறு உண்கிறாள் என்பதைப் போன உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கோயில்களில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோம், புரட்டாசியில் பந்தி போடுகிறோம். வருகிறவர்கள் வயிறார உண்ணட்டும். ஆனால் பச்சை உடம்புக்காரி பந்திக்கு வருவதில்லை. தீட்டு என்று நாமே அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். பசி அதிகம் உள்ளவளுக்குத்தான் பந்தியில் இலை இல்லை. அன்னதானச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த வட்டாரத்தில் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும், எந்தச் சாதியானாலும் எந்த மதமானாலும், மூன்று மாதத்துக்கு வாரம் கால் வீசைப் பயறு வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாதா? அம்மன் பெயரால் தானே கோயில் கட்டியிருக்கிறோம்?

கோயில் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் தொடங்கிவிட்டேன். ஒன்பது மாதம் ஆன பெண் கடைக்கு வந்தால் ஒரு வீசைப் பயறைக் கட்டிக் கையில் கொடுக்கிறேன். காசு பிள்ளைக்கு ஆறு மாதம் ஆன பிறகு. இதுவரை பதினொரு பேர். இரண்டு பேரால் திருப்பித்தர முடியவில்லை. அவர்கள் பக்கத்தில் கோடு போட்டுவிட்டேன். மாமியார்களிடம் பேசுவதுதான் கடினம். ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பலகைமேல் வைத்துவிட்டு, எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கம் இல்லை என்றார். அவரை உட்காரவைத்து என் பையனைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமக்கும் ஒரு பெண் குழந்தை அப்படிக் குரல் அடங்கித்தான் போயிற்று என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எதிரெதிரே கடையும் வீடுமாக இருந்திருக்கிறோம். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. போகும்போது பயறைத் தூக்கிக்கொண்டு போனார்.

பின்வீட்டுக் குழந்தைக்கு இப்போது பல் முளைத்திருக்கிறது. அதன் குரல் தெருமுனைவரை கேட்கிறது.

திருத்தம் வெளியாகும் இதழில் எனக்கு ஐம்பது பிரதிகள் அதிகமாக அனுப்புங்கள். விலையை முன்பணமாகவே கட்டிவிடுகிறேன். கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய பத்திரிகைதான் பயன்படுத்துகிறேன். பயறுப் பொட்டலத்தை அந்தப் பக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி மடித்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரி ஒருத்தி,
பெகு